திருப்பிப் போட்ட படம்

திண்டிவனத்தில் டாக்டர் கதிர்வேலு வீட்டு மாடிக்குப் பதினேழு படிகள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணிக்கொண்டே ஏறினேன். பதினொன்றாவது படியில் நின்று, இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று யோசித்தேன். போட்ட மாதிரிதான் இருந்தது. ஆனாலும் விழுப்புரத்துக்குப் போன் செய்து மனைவியைக் கேட்டேன். "நீங்க முழுங்கினதை நான் பார்த்தேன். ஏறுங்க" என்றாள்.

மேலே ஒரு கட்டில், அதைச் சுற்றி ஆறு நாற்காலிகள். ஒன்றுக்கு மட்டும் கால் ஆடியது. அதுதான் எனக்கு வரும் என்று உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. அதுதான் வந்தது.

கட்டிலில் கதிர்வேலு ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதயத்தில் அறுவை சிகிச்சை ஆகி ஐந்தாவது வாரம். இருமும்போது தையல் வலிக்காமல் இருக்கத் தலையணையை இப்படிப் பிடிக்கச் சொல்லி எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன். இப்போது அவன் முறை.

"வாங்க அண்ணே. எத்தினி படி?"

"பதினேழு."

"போன தடவ பதினாறுன்னீங்க."

"போன தடவை கடைசிப் படியை எண்ண மறந்துட்டேன்."

எங்கள் சங்கத்தின் கடைசிக் கூட்டம் அப்படித்தான் தொடங்கியது. சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் மருத்துவக் கல்லூரி விடுதியைப் பற்றி எழுதியதற்கு வாசகர்கள் நாலு பேர் கடிதம் போட்டிருந்தார்கள். மூன்று பேர், சங்கம் சங்கம் என்கிறீர்களே, அது என்ன சங்கம் என்று கேட்டிருந்தார்கள். நாலாமவர் என் கையெழுத்தைப் பற்றிக் குறை சொல்லியிருந்தார். அச்சில் வந்ததில் என் கையெழுத்தை அவர் எப்படிப் பார்த்தார் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

நெஞ்சு சங்கம்

முழுப்பெயர் வட்டார இதய, நெஞ்சறை அறுவை மருத்துவர் சங்கம். அப்படி யாரும் சொன்னதில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாங்கள் கூடிய மெஸ்ஸின் முதலாளி "நெஞ்சு சங்கம் வந்துட்டாங்க, இலை போடு" என்பார். அதுவே நிலைத்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு, பகல் பதினொரு மணி. ஒரு மாதம் விழுப்புரம், ஒரு மாதம் திண்டிவனம். விழுப்புரத்தில் கூடினால் புதுச்சேரிக்காரர்கள் முணுமுணுப்பார்கள், திண்டிவனத்தில் கூடினால் நான் முணுமுணுப்பேன். நல்ல காலத்தில் பதினொரு பேர் இருந்தோம். பக்கத்து ஊர்களில் நெஞ்சைத் திறக்கத் தெரிந்தவர்கள் மொத்தமே அவ்வளவுதான்.

மெஸ் மாடியில் பதினான்கு நாற்காலிகள், ஒரு மின்விசிறி. கீழே சாம்பார் கொதிக்கும் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வரும். அந்த வாசனை கடுகு தாளிக்கும் வாசனையாக மாறினால் மணி பன்னிரண்டரை. கடிகாரமே தேவைப்படவில்லை.

தலைவர் டாக்டர் சாமுவேல். எங்களுக்கெல்லாம் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். "விலா எலும்பை எண்ணாம கத்தி வைக்காதே" என்பார். நெஞ்சில் எந்த இடத்தில் கீற வேண்டும் என்பதற்கு விலா எலும்புதான் கணக்கு. மேலிருந்து விரலால் தடவி ஒன்று, இரண்டு என்று எண்ணி இறங்க வேண்டும். நான் எதையும் எண்ணுகிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். தொழில் அப்படி. நெஞ்சில் செருகிய குழாயின் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் இருக்கும். நோயாளி இருமினால் குமிழி வரும். வார்டில் நின்று குமிழிகளை எண்ணிய காலைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு வருஷம் தேறும்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேறு சங்கங்களில் அது உண்டா என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தின் முதல் அரைமணி தப்புக்கு. யாராவது ஒருவர் எழுந்து, தான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மற்ற விஷயங்கள், சாப்பாடு எல்லாம்.

அதற்கான விதிகளைச் சங்கத்தின் குறிப்பு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியவன் நான்தான், செயலாளர் என்ற முறையில். ஒன்று, நர்ஸையோ டெக்னீஷியனையோ நோயாளியையோ குறை சொல்லக் கூடாது. இரண்டு, ஒரு தப்புக்கு ஒரு ஆள். பங்கு பிரிக்கக் கூடாது. மூன்று, மற்றவர்கள் மூன்று கேள்விதான் கேட்கலாம். இரண்டாவது விதியை ரொம்ப யோசித்து எழுதினேன். இருவர் சேர்ந்து செய்த தப்பு என்று ஆரம்பித்தால் கடைசியில் யாருமே செய்யாத தப்பாகிவிடும் என்று பயந்தேன்.

அந்த விதிதான் என்னை முப்பது வருஷத்துக்கு மேல் அரித்தது.

அஞ்சலை

அப்போது விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். இப்போது அது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. கதிர்வேலு என் உதவி டாக்டர். என்னைவிட ஐந்து வயது சின்னவன். ஆபரேஷன் தியேட்டருக்குள் "சார்", வெளியே "அண்ணே".

மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து அஞ்சலை என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபது வயசு இருக்கும். மல்லாட்டை பிடுங்கும் கூலி வேலை. நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மூன்று வாரக் காய்ச்சல், நெஞ்சறையில் ஒரு பக்கம் சீழ் கட்டியிருந்தது. குழாய் போட்டு இறக்க வேண்டும். பெரிய வேலை இல்லை.

எக்ஸ்ரே படத்தில் இடம் வலம் தெரிய ஈயத்தில் ஒரு எழுத்து வைப்பார்கள். எங்கள் எக்ஸ்ரே அறையில் அது தொலைந்து சில மாதம் ஆகியிருந்தது. யாரும் புதிது வாங்கவில்லை, நான் உட்பட. இதயம் எந்தப் பக்கமோ அது இடப்பக்கம், அவ்வளவுதானே என்று வேலை ஓடியது.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்தார்கள். இதயம் எதிர்ப்பக்கம் தெரிந்தது. சீழ் இதயத்தை அப்படித் தள்ளிவிடும் அளவுக்கும் இல்லை. "திருப்பி மாட்டிட்டாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே படத்தை உருவித் திருப்பி மாட்டினேன். இப்போது இதயம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. சீழ் வலப்பக்கம்.

கதிர்வேலு, "சார், ஒரு தடவ நெஞ்சத் தட்டிப் பாத்துடலாமா?" என்றான்.

வெளியே பத்தொன்பது பேர் காத்திருந்தார்கள். எண்ணிவிட்டுத்தான் வந்திருந்தேன். "படமே சொல்லுதே" என்றேன்.

வலப்பக்கம் ஊசி போட்டு இழுத்தேன். சீழ் வரவில்லை. கெட்டியாக இருக்கும் என்றேன். விலா எலும்பை எண்ணினேன். சரியாக எண்ணினேன், அதில் ஒரு குறையும் இல்லை. குழாயைச் செருகினேன். சீழ் வரவில்லை, காற்றுதான் வந்தது. அந்தப் பெண் மூச்சுக்குத் திணற ஆரம்பித்தாள்.

கதிர்வேலு என்னைத் தள்ளிவிட்டு அவள் நெஞ்சில் கையை வைத்தான். பிறகு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னான்.

"சார், இதயம் இந்தப் பக்கம் அடிக்குது."

படத்தை யாரும் தப்பாக மாட்டவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே இதயம் வலப்பக்கம். எத்தனையோ ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி இருக்கும் என்று பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவன் நான். நன்றாக இருந்த நுரையீரல் பக்கம் ஓட்டை போட்டிருந்தேன், இதயத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி.

கதிர்வேலு இடப்பக்கம் குழாய் போட்டான். சீழ் கொட்டியது. நான் போட்ட குழாயைப் பாட்டிலில் இணைத்து, சுருங்கிய நுரையீரல் விரியும்வரை குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிழைத்தாள். பத்து நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவள் இருபத்திரண்டு நாள் இருந்தாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ என்னைக் கேட்டாள். "ரெண்டு பக்கமும் இன்னாத்துக்கு டாக்டரு ஓட்டை?"

"ரெண்டு பக்கமும் சீழும்மா" என்றேன்.

தோசை

அடுத்த ஞாயிறு கூட்டம். நான் சொல்ல வேண்டிய தப்பு. இரண்டு பக்கத்துக்கு எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதே பையில் இன்னொரு தாளும் இருந்தது. மாநில அளவிலான பெரிய சங்கத்தில் சேர விண்ணப்பம். அதில் சேர்ந்தால்தான் பெரிய மாநாடுகளில் பேசக் கூப்பிடுவார்கள், பெரிய மருத்துவமனைகள் கூப்பிடும். விண்ணப்பத்தில் மூத்தவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். சாமுவேல் ஐயா அன்று சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதாகச் சொல்லியிருந்தார். மயிலத்துக்குக் கிட்டே பஸ் போகும்போது எந்தத் தாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஏழெட்டுத் தடவை தொட்டுப் பார்த்தேன்.

"இன்னிக்கி யாரு?" என்றார் சாமுவேல் ஐயா.

நான் பையில் கையை விட்டேன். அதற்குள் கதிர்வேலு எழுந்துவிட்டான்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்குது சார். படத்தத் திருப்பிப் போட்டுட்டேன்."

முழுவதையும் சொன்னான். தொலைந்த ஈய எழுத்து, ஊசியில் ஒன்றும் வராதது, குழாய், எல்லாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்னான். நான் செயலாளர், எழுதிக்கொண்டிருந்தேன். 'டாக்டர் கதிர்வேலு' என்று என் கையாலேயே எழுதினேன். பேனா நிற்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். எங்களில் வாயாடியான டாக்டர் மொய்தீன், பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "இவருக்கு ஒரு தோசை எடுத்தாப்பா. நல்லாத் திருப்பிப் போட்டு எடுத்தா. இவருக்குத் திருப்பிப் போட்டாத்தான் பிடிக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கதிர்வேலுவும் சிரித்தான். அன்றிலிருந்து அவன் பெயர் தோசை. புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட அவனை "தோசை சார்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

சாமுவேல் ஐயா என் தாளில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், "ஏன்டா எழுந்த?" என்றேன். "யாராவது எழுந்துதானே ஆகணும் அண்ணே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டான். அதற்கப்புறம் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் அவன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். கை முதலில், படம் பிறகு. படத்தைப் பார்க்கும் முன் நோயாளியின் நெஞ்சில் கையை வைத்து இதயம் எங்கே என்று பார்க்க வேண்டும். மறக்காமல் இருக்க, கடவுள் வாழ்த்துக்குப் பதில் ஒவ்வொரு கூட்டத்திலும் பக்கத்து நாற்காலிக்காரர் நெஞ்சில் கை வைப்பது என்று முடிவானது. முதல் தடவை மொய்தீன் கூச்சத்தில் நெளிந்து நாற்காலியோடு சாய்ந்தார். டீ கொண்டுவந்த ஆள் கதவருகிலேயே நின்றுவிட்டார். பிறகு பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பதினொரு டாக்டர்கள் ஒருவர் நெஞ்சில் ஒருவர் கை வைத்து உட்கார்ந்திருப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது. எனக்கு அந்த ஒரு நிமிஷத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும் என்று இருக்கும்.

அஞ்சலையை மறக்கவும் முடியவில்லை. அவளே விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் மல்லாட்டை பிடுங்கி முடிந்ததும், கூலியாகக் கிடைத்ததில் ஒரு பை கட்டிக்கொண்டு பஸ் ஏறி விழுப்புரம் வந்து என் வீட்டு வாசலில் நிற்பாள். "உங்களுக்குத்தான் டாக்டரு" என்பாள். போகும்போது வலப்பக்கம் நெஞ்சைத் தட்டி, "இன்னும் இந்தப் பக்கந்தான் கீது. பாத்துக்கங்க" என்பாள்.

நடுவில் இரண்டு வருஷம் மழை இல்லை. ஒரு வருஷம் பஸ்ஸே ஓடவில்லை. மற்றபடி இருபத்தொன்பது பைகள். ஒன்றிலிருந்தும் ஒரு கொட்டையை நான் தின்றதில்லை. பித்தம் என்று சொல்லிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவேன். என்ன நடந்தது என்று தெரியாமல் நன்றியோடு ஒருத்தி கொடுப்பதை எப்படித் தின்பது.

ஏழு கைகள்

கதிர்வேலுவின் மாடிக்கு வருகிறேன்.

பதினொரு பேரில் இப்போது மிஞ்சியது ஏழு. பெரிய சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. சின்னச் சங்கங்களெல்லாம் அதோடு சேர்ந்துவிடலாம், பழைய நோட்டுகளை அனுப்பினால் பத்திரப்படுத்துவார்களாம். சேர்வது என்று முடிவாகிவிட்டது. நோட்டுகள் ஐந்து, என் மடியில் இருந்தன.

"கை வைப்போமா?" என்றார் மொய்தீன். சாமுவேல் ஐயாவுக்குப் பிறகு அவர்தான் தலைவர்.

"அதுக்கு முன்னாடி ஒரு தீர்மானம்" என்றேன். "இரண்டாம் நோட்டில் ஒரு பெயரைத் திருத்தணும்."

கதிர்வேலு தலையணையை இறுக்கிக்கொண்டான். "அண்ணே, அத விடுங்க."

"விட முடியாது கதிர். நோட்டு போயிடும்."

"யோவ் செக்ரட்டரி, இன்னான்னு ஜல்தி சொல்லும். எனக்குப் பன்னெண்டு மணிக்கு பஸ்ஸு" என்றார் மொய்தீன்.

எழுந்து நின்று சொன்னேன். நாற்காலியின் ஆட்டம் நின்றது. விலா எலும்பை எண்ணியதுவரை, பையில் இருந்த இரண்டு தாள்வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

மொய்தீன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப இத்தினி வருஷமா தப்பான ஆளைத் தோசைன்னு கூப்ட்டுக்கினு இருந்தோமா?"

"தப்பான ஆளெல்லாம் இல்ல" என்றான் கதிர்வேலு. "ரூல் இன்னா? ஒரு தப்புக்கு ஒரு ஆளு. எழுதனது யாரு? இவருதான். நான் எழுந்தேன், சொன்னேன், மூணு கேள்விக்கும் பதில் சொன்னேன். இப்ப வந்து எங்கிட்டயிருந்து பிடுங்கறாரு. என் பேர வெச்சி எத்தினி பேரு கை வெச்சிப் பாக்கக் கத்துக்கினாங்க. அது என் பேருலயே இருக்கட்டும்."

ஓட்டு எடுத்தோம். திருத்த வேண்டும் என்பதற்கு ஒரு கை, என்னுடையது. வேண்டாம் என்பதற்கு ஆறு. கதிர்வேலு வலியில் முகம் சுளித்துக்கொண்டே தூக்கினான். நான் இரண்டாவது தடவை எண்ணினேன். ஆறுதான்.

"தீர்மானம் தோத்துடுச்சு. எழுதிக்கும்" என்றார் மொய்தீன்.

எழுதினேன். ஆறு என்று எழுதியதை அடித்துவிட்டு மறுபடியும் ஆறு என்றே எழுதினேன். கதிர்வேலு அதைப் பார்த்திருக்க வேண்டும். "இன்னாத்துக்கு அண்ணே இவ்ளோ பேஜாரு? சொல்ல வேண்டிய எடத்துல அப்பவே சொல்லியாச்சு" என்றான்.

"எங்க?"

"அஞ்சலைகிட்ட."

எனக்குப் புரியவில்லை.

"உங்ககிட்ட கேட்டுட்டு எங்கிட்டயும் வந்து கேட்டா, ரெண்டு பக்கமும் இன்னாத்துக்கு ஓட்டைன்னு. சொன்னேன். பெரிய டாக்டரு தப்பாப் போட்டுட்டாரும்மா, உனக்கு நெஞ்சு அந்தப் பக்கம் இருக்குதுன்னு பாக்கலன்னு."

"என் பெயரைச் சொல்லியா?"

"பின்ன? அவளுக்குப் பொய் சொல்ல முடியுமா? சங்கத்துக்கு ஒரு ஆளு போதும், யாரா இருந்தா இன்னா. அவளுக்கு உண்மையான ஆளு தெரியணுமில்ல."

"அவ என்ன சொன்னா?"

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்னு சொன்னா. எங்கிட்டப் பேசறப்பல்லாம் அவரு செவுத்தப் பாத்துக்கினுதானே பேசறாருன்னா."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"எல்லாத்தையும் எண்ணுவீங்க, இத ஒரு நாளும் கேக்கலியே. மல்லாட்டை மட்டும் வருஷா வருஷம் வாங்கிக்கினு இருந்தீங்க."

கடைசியாகக் கை வைத்தோம். எனக்குப் பக்கத்தில் கதிர்வேலு. தலையணையை எடுத்து ஓரமாக வைத்தான். தையலுக்கு இடப்புறம் கையை வைத்தேன். ஒரு நிமிஷத்துக்கு எழுபத்தாறு. நடுவில் ஒன்று கொஞ்சம் தயங்கி விழுந்தது. அதைப் பற்றி அன்றிலிருந்து அவன் வீட்டுக்குப் போன் செய்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றுமில்லை என்கிறார்கள்.

முப்பதாவது பை

போன வாரம் அஞ்சலை வந்தாள். ஐம்பது வயசு தாண்டிவிட்டது. பையை இடுப்பிலிருந்து இறக்கினாள். "உங்களுக்குத்தான் டாக்டரு" என்றாள். வலப்பக்கம் தட்டினாள். "இன்னும் இந்தப் பக்கந்தான் கீது."

நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். சுவரைப் பார்க்கவில்லை.

"அஞ்சலை, அந்தப் பக்கத்து ஓட்டை நான் போட்டது. பாக்காமப் போட்டுட்டேன். ரெண்டு பக்கமும் சீழ்னு உங்கிட்ட சொன்னது பொய்."

"தெரியும் டாக்டரு."

"தெரியும்னு எனக்கும் இப்பதான் தெரியும். இருந்தாலும் நான் சொல்லணும்."

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதச் சொல்றதுக்கா இத்தினி வருசம்? நானும் ஒவ்வொரு தபாவும் தட்டித் தட்டிக் காட்டறேன், இன்னிக்காவது வாயத் தொறக்கறாரா பாப்போம்னு."

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அஞ்சலை குடித்துவிட்டு எழுந்தாள். மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டம், பஸ்ஸில் இடம் கிடைக்காது என்றாள். கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"பையப் பிரிச்சி வெயில்ல கொட்டுங்க. ஈரமாக் கீது."

மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாய் விரித்துக் கொட்டினேன். மண் வாசனை வந்தது. ஒன்றை எடுத்து உடைத்தேன். உள்ளே மூன்று கொட்டைகள். ஈரமாகத்தான் இருந்தன. மூன்றையும் தின்றேன்.